குதிரையின் தோல் உரியாத சேண விரிப்பும் வயிற்றுவாரும்: கொழும்புப் புழுக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகில் தோல் உரிந்த குதிரைக்கு இங்கே வழக்கமாக நடப்பது ஒன்றுதான்: இன்னும் தடிப்பான, இன்னும் மெத்தென்ற விரிப்பொன்றை வாங்கிப் போடுவார்கள். பல தடவைகளில் புண் பெருப்பதும் அதனால்தான். தடித்த விரிப்பு சேணத்தை இறுக்கும், சூட்டை அடைக்கும், மேலே உள்ள சேணத்தை உருளவும் வைக்கும். தோலுக்கு வேண்டியது இரண்டு: ஈரம் நிற்கக்கூடாது, மேலே கிடப்பது அசையக்கூடாது. மெத்தென்று இருப்பது அதற்குப் பிறகுதான்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நனைந்த தோல் ஊறி மெலியும், உராய்வும் கூடும். குதிரையின் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. சவர்க்காரம் போல வேலை செய்து வியர்வையை மயிர் முழுக்கப் பரப்பிச் சீக்கிரம் ஆவியாக விடுவது அதன் தொழில். கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளை நுரை தெரிவதும் அதனால்தான். கொழும்பில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாதல் மெதுவாகிறது. வியர்வை விரிப்புக்குள் தங்கி, பிறகு காய்ந்து, உப்பாகப் படிந்து, துணியை மரத்துப்போன அட்டை போலாக்கும். மறுநாள் அதே துணி உரசுதாளாகத்தான் முதுகில் ஏறும்.

சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே போடுவது விரிப்பு. சேணத்தை வயிற்றோடு கட்டுவது வயிற்றுவார். லாயங்களில் கேர்த் என்பார்கள். அமெரிக்கப் பாணிச் சேணத்தில் அதற்குப் பெயர் சிஞ்ச். கீழே உள்ள அளவுகள் முதன்மையாக ஆங்கிலப் பாணிச் சேணத்துக்கானவை. சிஞ்ச் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது.

படி 1: கடைக்குப் போகுமுன் கையால் தடவிப் பாருங்கள்

வெறுங்கையை விரித்து, பிடரி மயிர் முடிவடையும் தோள்முகட்டில் தொடங்கி முதுகெலும்பின் இருபுறமும் கடைசி விலா வரை மெதுவாக அழுத்திச் செல்லுங்கள். பிறகு முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், வயிற்றின் அடியில், நெஞ்செலும்பின் மேல். தேடவேண்டியவை: சூடு, வீக்கம், தொட்டால் குதிரை தோலைச் சிலிர்ப்பது, காதைப் பின்னுக்கு மடிப்பது, உடைந்து குட்டையான மயிர், மயிரற்ற வட்டம். கருப்பு அல்லது செம்மண் நிறக் குதிரையின் முதுகில் திட்டாக வெள்ளை மயிர் இருந்தால், முன்பொரு காலம் அங்கே அழுத்தம் மயிர்க்காலையே கெடுத்திருக்கிறது. இப்போது வலி இல்லாவிட்டாலும் அந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

புண் எங்கே என்பதே பாதி விடை. முதுகில் என்றால் சேணமும் விரிப்பும். முழங்கைக்குப் பின்னால் என்றால் வயிற்றுவாரின் நீளம், வடிவம் அல்லது அழுக்கு. இடுப்புப் பக்கம் மயிர் தேய்ந்திருந்தால் சேணத்தின் பின்பகுதி ஒவ்வொரு அடிக்கும் துள்ளுகிறது.

படி 2: விரிப்பில்லாமல் சேணத்தை வைத்துப் பாருங்கள்

அளவில்லாத சேணத்தை எந்த விரிப்பும் திருத்தாது. குதிரையைச் சமதரையில் நிறுத்தி, சேணத்தைத் தோள்முகட்டின் மேல் சற்று முன்னால் வைத்து, மயிரின் போக்கில் பின்னுக்குத் தள்ளுங்கள். அது தானாக நிற்கும் இடம்தான் அதன் இடம். தோள்முகட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். சவாரிக்காரர் ஏறிய பிறகும் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்னுக்கு ஓட்டுங்கள். முன்னும் பின்னும் இறுகி நடுவில் கை சுலபமாக ஓடினால், சேணம் பாலம் போல நிற்கிறது. பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் விழும்.

சேணம் ஏற்கெனவே சரியாக இருந்தால் மெல்லிய விரிப்பே போதும். கொஞ்சம் அகலமாக இருந்தால் தடித்த விரிப்பு தற்காலிகமாகச் சமாளிக்கும். ஒடுக்கமாக இருந்தால் விரிப்பைக் கூட்டுவது இறுகிய சட்டைக்குள் இன்னொரு சட்டையைப் போடுவதுதான்.

படி 3: விரிப்பின் பொருள்

கொழும்பு நிலைமைக்கு முதல் தெரிவு, மெல்லிய கொட்டன் விரிப்பு. நன்றாகத் தைத்தது, இருபக்கமும் கொட்டன், உள்ளே அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் நிரப்பு. வியர்வையை உறிஞ்சும், மெஷினில் தோய்க்கலாம், விலையும் தாங்கும் என்பதால் மாற்றி மாற்றிப் போட மூன்று நான்கு வாங்கி வைக்கலாம். அதன் குறை, முழுவதும் நனைந்த பிறகு ஈரத்தை விடாது. ஆகவே ஒரு சவாரிக்கு ஒன்று.

கம்பளி ஃபெல்ட், அதாவது நெய்யாமல் அழுத்தித் திரட்டிய கம்பளித் துணி, மிகச் சிறந்த பொருள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. அழுத்தத்தைப் பரப்பும், வழுக்காது. ஆனால் மழைக்காலத்தில் ஒரு அங்குல ஃபெல்ட் ஒரே இரவில் காயாது. கொழும்பில் இதை வைத்திருப்பவரிடம் இரண்டு ஃபெல்டும் ஒரு மின்விசிறியும் இருக்க வேண்டும். ஏப்ரலில் குதிரையை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக் குளிரில், இதே ஃபெல்ட் தங்கமாக உழைக்கும்.

உண்மையான ஆட்டுத்தோல் விரிப்பு மென்மையானது, காற்றும் ஓடும். ஆனால் அதன் அடித்தோல் இங்கே பூஞ்சணம் பிடிக்கும். கவனமாகப் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆட்டுத்தோல் போலத் தோன்றும் பொலியெஸ்ரர் மயிர்த்துணி வேறு சாமான். பத்துச் சவாரிக்குள் திரண்டு உருண்டையாகி, அந்த உருண்டைகளே உரசும்.

நியோபிறீன் விரிப்பு வழுக்காது, கழுவுவதும் சுலபம் என்று விற்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அது காற்றும் ஈரமும் புகாத இறப்பர் நுரை. முப்பது பாகை வெயிலில் அதன் கீழ் வியர்வை தேங்கி முதுகு வேகும். ஜெல் விரிப்பும் அப்படித்தான், சூட்டைப் பிடித்து வைக்கும். இரண்டையும் இந்த ஊரில் தினசரிப் பாவனைக்கு வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஜெல் அவசியமென்றால் அதன் கீழே கொட்டன் விரிப்பைப் போடுங்கள்.

புறக்கோட்டையில் ஃபெல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் கைவேலைக்கான செயற்கை ஃபெல்ட்தான் தருவார்கள். ஓரத்தில் ஒரு இழையைப் பிய்த்து, கடைக்கு வெளியே, நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் மயிர் பொசுங்கும் மணம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பொலியெஸ்ரர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும். கொட்டன் கடதாசி மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும்.

வாங்குமுன் இன்னும் இரண்டு சோதனை. குதிரை மேல் படும் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் முத்தாக நின்றால் துணியில் பூச்சு இருக்கிறது. இரண்டு தடவை தோய்த்தும் போகாவிட்டால் அது வியர்வையை உறிஞ்சாது. அடுத்து, விரிப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்துங்கள். ஒரு விரல் மற்றதைத் தெளிவாக உணர்ந்தால், அந்த நுரை ஆளின் பாரத்தில் சப்பையாகிவிடும். இந்திய இறக்குமதிச் சாமான்களில், குறிப்பாகச் சேண வேலைக்குப் பேர்போன கான்பூர்ப் பக்கத்துச் சாமான்களில், மிக நல்லதும் மிக மோசமானதும் ஒரே தோற்றத்தில் வரும். ஆகவே சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

படி 4: விரிப்பின் அளவும் வெட்டும்

சேணத்தின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2.5 முதல் 5 சென்ரிமீற்றர் வெளியே தெரிய வேண்டும். விரிப்பின் பைப்பிங் ஓரமோ தடித்த தையலோ சேணத்தின் பஞ்சணைக்கு (முதுகில் அமரும் அடிமெத்தைக்கு) கீழே வந்தால் அது ஒரு கயிற்றை வைத்து அழுத்துவதற்குச் சமம். தோள்முகடு உயர்ந்த குதிரைக்கு நேர்கோட்டில் தைத்த விரிப்பு ஆகாது. முதுகின் வளைவுக்கேற்ப மேற்கோடு வளைத்துத் தைத்ததை வாங்குங்கள். நேர்கோட்டு விரிப்பு சவாரி தொடங்கிப் பத்து நிமிடத்தில் தோள்முகட்டின் மேல் இறுகும். தொழிற்சாலைப் பெயர் நாடா, வெல்க்ரோ, வார் கோக்கும் வளையம் எல்லாம் எங்கே படுகின்றன என்று பாருங்கள். உள்பக்கம் கரடாக இருக்கும் எதையும் பிரித்தெடுங்கள்.

விரிப்பின் மேல் விரிப்பு போடாதீர்கள். இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், சுருங்கும்.

படி 5: வயிற்றுவார்

முழங்கைக்குப் பின்னால் தோல் மெல்லியது, மயிர் குறைவு, ஒவ்வொரு அடியிலும் மடியும். வார்ப்புண் வர இதைவிட வசதியான இடம் குதிரையின் உடம்பில் இல்லை.

முதலில் நீளம். சேணத்தையும், நாளாந்தம் போடும் விரிப்பையும் வைத்து, ஒரு பக்கத்துத் தொங்குவாரின் (சேணத்திலிருந்து தொங்கும், வயிற்றுவாரின் பக்கிள் மாட்டும் துளைவாரின்) நடுத்துளையிலிருந்து வயிற்றின் அடியால் மறுபக்கத்து நடுத்துளை வரை அளவு நாடாவை ஓட்டுங்கள். அந்த அங்குலமே வயிற்றுவாரின் அளவு. குறுந்தொங்குவார்ச் சேணங்களுக்கு 40 முதல் 54 அங்குலம் வரையான நீளவார். மட்டக் குதிரைகளுக்கு இதிலும் குறையும். தொங்குவார் நீண்டுள்ள டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளுக்குப் பழக்கும் சவாரி) சேணங்களுக்கு ஏறத்தாழ 18 முதல் 32 அங்குலக் குறுவார். இறுக்கிய பிறகு இருபக்கமும் பக்கிள் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். மேலும் கீழும் குறைந்தது இரண்டு துளை மிஞ்ச வேண்டும். குறுவாரில் கவனம்: பக்கிள் முழங்கை மட்டத்தில் நின்றால் அது அங்கேயே குடைந்துவிடும். முழங்கைக்கு மேலே ஒரு கையகலமாவது உயர்ந்து நிற்க வேண்டும்.

அடுத்து வடிவம். வயிற்றுவார் தானாகச் சென்று நிற்கும் ஒடுக்கமான பள்ளம், முழங்கைக்கு ஏறத்தாழ ஒரு கையகலம் பின்னால் இருந்தால் நேரான வாரே போதும். சில குதிரைகளுக்கு அந்தப் பள்ளம் முன்னால் தள்ளி இருக்கும். நீங்கள் எங்கே கட்டினாலும் வார் முழங்கையைத் தேடிப் போகும். அவற்றுக்கு முழங்கைப் பக்கம் உள்ளே வெட்டிய வடிவ வார் வேண்டும். அதர்ஸ்டன், பால்டிங் என்ற பழைய தோல்வார் வகைகள் இதற்காகவே அப்படி வெட்டப்பட்டவை. மூன்றாக மடித்த தோல்வார் என்றால் மடிப்பின் உருண்ட ஓரம் முன்னால், முழங்கைப் பக்கம் இருக்க வேண்டும். திறந்த ஓரங்கள் பின்னால். இதை மாற்றிக் கட்டுவது சாதாரணமாக நடக்கும் பிழை, ஒரே பின்னேரத்தில் புண்ணாக்கும் பிழையும் கூட.

வாரின் நுனியில் இழுபட்டை (இழுத்தால் நீளும் இறப்பர்ப் பட்டி) இருந்தால் இருபக்கமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் சேணம் மற்றப் பக்கம் சாயும். இழுபட்டை இருப்பதால் கை சுலபமாகக் கூடுதல் இறுக்கம் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருள் விடயத்தில் விரிப்புக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும். பராமரித்த மென்தோல் நல்லது. காய்ந்து வெடித்த தோல் கத்தி. கொட்டன் கயிற்று வார் தோய்க்கச் சுலபம். நியோபிறீன் வாரைப் பலர் பாவிக்கிறார்கள். குறுஞ்சவாரிக்குச் சரி, ஆனால் இறக்கியவுடன் வாரையும் குதிரையின் வயிற்றையும் தண்ணீரால் அலச வேண்டும். கம்பளி உறை போட்டால் அளவு சற்றுக் கூடுவதைக் கணக்கில் எடுங்கள், உறையை ஒவ்வொரு நாளும் கழற்றித் தோய்க்கவும் செய்யுங்கள். அதற்குள் ஒளிந்துகொள்ளும் மணலைப் போல் கொடியது வேறில்லை. கடற்கரைப் பக்கம் ஓடிவரும் குதிரைக்கு உறையே வேண்டாம்.

பக்கிள் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு கொழும்புக் கடற்காற்றில் சீக்கிரம் பொரிந்து, அந்தப் பொரிவு தோலைக் கீறும். காந்தம் வைத்துப் பார்க்கலாம்: வலுவாக ஒட்டினால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு.

அமெரிக்கச் சேணம் வைத்திருப்பவர்களுக்கு: மொஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்) கயிற்றால் பின்னிய சிஞ்சில் காற்று ஓடும், அது ஈரத்தை இழுக்கும், இழைகள் உடம்போடு அசையும். நைலோன், ரேயோன் கயிறு மலிவு, ஆனால் வியர்வை காய்ந்ததும் விறைக்கும். நடுவிலுள்ள வளையம் வயிற்றின் சரி நடுவில் இருக்கவேண்டும். பக்க வளையங்கள் முழங்கைக்குப் பின்னால் வராமல் அதற்கு மேலே நிற்க வேண்டும்.

படி 6: கட்டும் முறை

நல்ல சாமானும் கெட்ட கட்டில் புண்ணாக்கும்.

1. முதுகையும் வயிற்றையும் தும்புத்தூரிகையால் தட்டி, பின் உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு காய்ந்த சேற்றுக் கட்டி போதும்.
2. விரிப்பைத் தோள்முகட்டுக்கு முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுங்கள், மயிர் படுக்கும் திசையில். தூரம் கூடிவிட்டால் முன்னுக்குத் தள்ளாமல் தூக்கி மறுபடி வையுங்கள்.
3. சேணத்தை வைத்ததும் விரிப்பின் நடுவைக் கையால் தூக்கி, சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு நேரே ஓடும் நடுவாய்க்காலுக்குள் முழுவதும் ஏற்றிவிடுங்கள். முதுகெலும்புக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடவேண்டும். இந்த ஒரு அசைவைத் தவறவிடுவதாலேயே தோள்முகட்டுப் புண்களில் பல வருகின்றன.
4. வாரை முதலில் தொங்காத அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். ஒரு துளை ஏற்றி, பத்துப் பதினைந்து அடி நடத்தி, இன்னொரு துளை. இருபக்கமும் மாறி மாறி.
5. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிப் பிடியுங்கள். வாருக்குள் சிக்கிய தோல் சுருக்கம் விடுபடும்.
6. நெஞ்செலும்பின் அடியில், இரு முன்னங்கால்களுக்கு நடுவே, இரண்டு விரலைத் தட்டையாக நுழையுங்கள். சிரமமின்றி, ஆனால் ஒட்டி நுழைய வேண்டும். விலாப் பக்கத்துத் தசை அமுங்கிக் கொடுப்பதால் அங்கே பார்த்த கணிப்பு ஏமாற்றும்.
7. ஏறிப் பத்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

சேணம் உருள்கிறது என்பதற்காக வாரை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். உருண்ட உடம்புக் கொழுத்த குதிரையில் அது முடிவில்லாத வேலை. அங்கே தேவைப்படுவது பொருந்தும் சேணமும், வேண்டுமானால் ஒரு நெஞ்சுவாரும், குறைந்த தீனியும்.

படி 7: இறக்கிய பின் முதுகை வாசியுங்கள்

இறங்கியதும் வாரைத் தளர்த்திச் சில நிமிடம் சேணத்தோடேயே நடத்துங்கள். அழுந்திய இடத்துக்குச் சடுதியாக இரத்தம் பாய்ந்தால் வீங்கும். பிறகு கழற்றி, ஈரத்தின் வரைபடத்தைப் பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும் ஒரே மாதிரி நனைந்திருப்பது நல்லது. சுற்றிலும் நனைந்து நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: அங்கே அழுத்தம் வியர்வைச் சுரப்பியை அடைத்திருக்கிறது, அல்லது சேணம் அங்கே தொடவே இல்லை. தொட்டால் சூடும் வலியும் இருந்தால் முதலாவது. மயிர் எதிர்த்திசையில் கலைந்திருந்தால் அங்கே ஏதோ அசைகிறது.

கொழும்பில் குதிரை நடந்தாலே எங்கும் நனைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை விடியற்காலை இருபது நிமிடச் சவாரியில் செய்யுங்கள். இன்னும் தெளிவாகப் பார்க்க, விரிப்பின் கீழே பழைய வெள்ளைக் கொட்டன் துணியொன்றைச் சுருக்கமின்றிப் போட்டு அன்று ஒரு நாள் மட்டும் ஓட்டுங்கள். அழுக்கின் அச்சு அழுத்தத்தின் அச்சு. இரண்டு மணித்தியாலம் கழித்து முதுகை மறுபடி தடவுங்கள். சில வீக்கம் தாமதித்துத்தான் எழும்.

படி 8: தோய்ப்பு, காயவைப்பு, பூஞ்சணம்

இதுவே கொழும்பில் மிகக் கடினமான பகுதி. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை. ஆண்டில் பாதிக்கு மேல் எதுவும் தானாகக் காயாது. நாளாந்தம் ஓடும் ஒரு குதிரைக்கு மூன்று கொட்டன் விரிப்பு, மழையில் நான்கு.

கொட்டனை 30 முதல் 40 பாகைத் தண்ணீரில், வழக்கமான சலவைத் தூளில் பாதியளவு போட்டு, இரண்டு முறை அலசுங்கள். மென்மையாக்கும் திரவம் போடவே வேண்டாம்: துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், எச்சம் தோலையும் அரிக்கும். ஃபெல்டைத் தூரிகையால் மயிர் போக்கி, குளிர்தண்ணீரைக் குழாயால் அடித்து உப்பை வெளியேற்றி, நிழலில் காயவிடுங்கள். சுடுதண்ணீரில் சுருங்கும். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்பின் நடுவில் ஈரம் நிற்கும். அகலமான மரச்சட்டத்தில் கூடாரம் போல விரித்து, கீழிருந்து மின்விசிறிக் காற்று பட வையுங்கள்.

தோல்வாரை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, கிழமைக்கொரு தடவை சேணச் சவர்க்காரம். எண்ணெய் கொஞ்சமாக. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும், இழுபட்டை இறப்பரையும் கெடுக்கும். பூஞ்சணம் வந்துவிட்டால் வெளியில் வைத்துத் துடைத்து, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியால் ஒற்றி, காற்றில் காயவைத்த பிறகு மட்டும் சவர்க்காரம் போடுங்கள்.

விரிப்பையும் வாரையும் குதிரைக்குக் குதிரை மாற்றக்கூடாது. படர்தாமரைப் பூஞ்சணத்தின் வித்துகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பராமரிக்கும் ஆளுக்கும் தொற்றும். ஒவ்வொன்றிலும் அந்தக் குதிரையின் பெயரை அழியாத மையால் எழுதி வையுங்கள்.

புண் வந்துவிட்டால்

தோல் கிழியாமல் வீக்கமும் சூடும் மட்டும் என்றால், குளிர்தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், அன்றும் மறுநாளும் சேணம் வேண்டாம். வீக்கம் முழுதாக வற்றும்வரை பொறுங்கள். தோல் உரிந்திருந்தால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, ஒற்றி, ஈ மொய்க்காமல் பாதுகாத்து, புதுமயிர் முளைக்கும்வரை அந்த இடத்தில் எதுவும் படவிடாதீர்கள். திறந்த புண்ணில் பவுடர் தூவ வேண்டாம், கட்டியாகி உரசும். சீழ், துர்நாற்றம், ஆழம் எதுவாயினும் இருந்தால் மிருக வைத்தியரை அன்றே கூப்பிடுங்கள், ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். குதிரை அந்த நோய்க்கு மிக இலகுவில் ஆளாகும்.

ஆறுவதற்குள் ஓட்டவேண்டி வந்தால், புண்ணுள்ள இடத்துக்கு நேரே விரிப்பில் ஓட்டை வெட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி ஒரு வளையமாக அழுத்தும். சின்னப் புண் தேங்காய்மூடி அளவுக்கு வீங்கும். அந்த நாட்களில் கயிற்றில் பிடித்து, வெறும் முதுகோடு, விடியவும் பின்னேரமும் நடத்துங்கள்.